சுவை தீரும், சரக்கு தீராது

ஸ்வீடனில் விற்கும் நிகோட்டின் பவுச் டப்பாக்களில் மூடிக்குள்ளேயே இன்னொரு சின்ன மூடி இருக்கும். கீழே புதுப் பவுச்சுகள். மேலே, வாயிலிருந்து எடுத்ததைப் போட்டுவைக்க ஒரு குழி. பஸ்ஸிலோ ஆபீஸிலோ குப்பைத்தொட்டி கண்ணில் படும்வரை சக்கையை வைத்துக்கொள்ள அப்படி ஓர் ஏற்பாடு. உண்மையில் அது சக்கையே இல்லை. ஒரு மணி நேரம் உதட்டுக்கடியில் ஊறிய பவுச்சை எடுத்து ஆய்வுக்கூடத்தில் அளந்தால், அதிலிருந்த நிகோட்டினில் ஏறத்தாழ பாதி உள்ளேயே மிஞ்சியிருக்கிறது. புதினா வாசம் போய்விட்டது, சுறுசுறுப்பு அடங்கிவிட்டது, இனி இதில் ஒன்றுமில்லை என்று துப்பியவருக்குத் தீர்ந்தது சுவை மட்டும்தான்.

தரையில் கிடக்கும் அந்தப் பாதியைத் தவழும் குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பது இப்போது அமெரிக்க மருத்துவர்களின் கவலை. அங்கே ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நிகோட்டின் பவுச்சை விழுங்கிவிட்டதாக விஷமுறிவு மையங்களுக்கு வரும் தகவல்களின் விகிதம் 2020-க்கும் 2023-க்கும் இடையில் எட்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

“ஒண்ணு எவ்வளவு நேரம் தாங்கும்?” புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். விற்பவர்கள் சொல்லும் பதில், அரை மணியிலிருந்து ஒரு மணி. பொய்யில்லை. ஆனால் அது வாயின் கணக்கு மட்டும். ரத்தத்தின் கணக்கு வேறு. பழக்கத்தின் கணக்கு இன்னும் நீளம். டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் மில்லிகிராம் எண்ணை நம்பி இதில் எதையும் கணிக்க முடியாது.

பவுச் என்பது டீ பேக்கின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும். வெள்ளை நார்ப்பை, உள்ளே தாவர நாரின் தூள், நிகோட்டின், இனிப்பூட்டி, வாசனை, காரத்தன்மையை ஏற்றுவதற்குச் சோடியம் கார்பனேட் போன்ற உப்பு. புகையிலை இலை கிடையாது. மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். மெல்ல வேண்டாம், துப்ப வேண்டாம். ஸ்வீடன்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஸ்னூஸ் என்ற ஈரப் புகையிலைத் தூளை இதே இடத்தில்தான் அடக்கி வந்தார்கள். 1970-களில் அந்தத் தூளைச் சின்னப் பைக்குள் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு பை இருக்க, புகையிலை போய் நிகோட்டின் மட்டும் நின்றது. ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனத்தின் ‘ஸின்’ 2014-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 2022-இல் அந்த நிறுவனத்தையே ஏறத்தாழ 1,600 கோடி டாலர் கொடுத்து வாங்கியது பிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல். அமெரிக்காவுக்கு வெளியே மார்ல்பரோ சிகரெட்டை விற்கிற அதே கம்பெனி. நோயையும் மருந்தையும் ஒரே கல்லாவில் விற்பதா என்று கேட்கத் தோன்றும். அவர்கள் இதற்கு ‘புகையில்லா எதிர்காலம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 20 வகை ஸின் பவுச்சுகளைச் சந்தைப்படுத்த அனுமதித்தது. அனுமதி என்றால் பாதுகாப்பானது என்று பொருளில்லை என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லிவிட்டது.

நம்மூர் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ‘கூல் லிப்’ நினைவுக்கு வரும். பள்ளி மாணவர்களின் பைகளில் அது கிடைப்பதைப் பார்த்து, நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. செருகும் இடம் ஒன்று, வடிவமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் கூல் லிப்பில் இருப்பது புகையிலை. அதன் ஆபத்துப் பட்டியலில் வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் நிற்கிறது. இலையில்லாத வெள்ளைப் பவுச்சில் அந்த ஆபத்து கணிசமாகக் குறைவு என்றுதான் இதுவரை தெரிந்ததை வைத்து நிபுணர்கள் கருதுகிறார்கள். அடிமைப்படுத்தும் திறனில் மட்டும் குறைச்சலில்லை.

சரி, வாய்க்குள் என்ன நடக்கிறது? வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறவர்களைக் கேட்டால் பாதி ரசாயனத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்: சுண்ணாம்பு இல்லாவிட்டால் ஏறாது. நிகோட்டின் இயல்பில் ஒரு காரப்பொருள். சுற்றியுள்ள ஈரம் அமிலப் பக்கம் சாய்ந்தால் அது மின்னேற்றம் பெற்றுக்கொண்டு, வாயின் உட்தோலைத் தாண்ட முடியாமல் வெளியிலேயே நிற்கும். காரப் பக்கம் சாய்ந்தால் மின்னேற்றத்தை உதறிவிட்டுச் சுலபமாக உள்ளே நுழையும். பிஎச் 8 என்ற அளவில் சரிபாதி இந்தப் பக்கம், சரிபாதி அந்தப் பக்கம். அதற்கு மேல் ஏற ஏற, கதவு அகலத் திறக்கும். தாம்பூலத்தில் சுண்ணாம்பு செய்கிற வேலையைத்தான் பவுச்சில் சோடியம் கார்பனேட் செய்கிறது.

இதை நவீன மருந்தியல் கற்றுக்கொண்ட கதை சுவையானது. 1967-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்து உடலியல் அறிஞர் கிளேஸ் லுண்ட்கிரென், ஹெல்சிங்போரி நகரில் ஏபி லியோ என்ற மருந்துக் கம்பெனியில் இருந்த ஊவே ஃபெர்னோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாய்ப் புகையிலைக்கு மாறிச் சமாளித்துக்கொள்கிறார்கள்; புகையில்லாமல் நிகோட்டினை மட்டும் கொடுக்க ஒரு வழி பாருங்களேன் என்பது கடிதத்தின் சாரம். ஃபெர்னோவே கடும் புகைப்பிடிப்பாளர், ஆர்வத்தோடு இறங்கினார். நிகோட்டினைச் சூயிங்கத்தில் கலந்தாயிற்று. ஆனால் வாயின் பிஎச்சைக் காரப் பக்கம் தள்ளும் உப்பைச் சேர்த்த பிறகுதான் அது போதிய அளவு ரத்தத்தில் ஏறியது. அதுதான் நிக்கோரெட். 1984-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நம்மூர் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் 2 மில்லிகிராம் நிகோட்டின் கம் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

அந்தக் கம்மை வைத்து 1990-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு பவுச்சுக்காரர்களும் அறிந்துகொள்ள வேண்டியது. மெல்வதற்கு முன்போ மெல்லும்போதோ காபி, கோலா போன்றவற்றைக் குடித்தால் எச்சில் அமிலமாகி, நிகோட்டின் உள்ளே போவது பெரிதும் தடைபட்டது. அதனால்தான் கம் அட்டையில் ‘15 நிமிடம் முன்பு எதுவும் குடிக்காதீர்கள்’ என்ற எச்சரிக்கை. காபியை உறிஞ்சிக்கொண்டே பவுச் வைத்தவர், ‘இது சீக்கிரம் செத்துப்போச்சு’ என்று இரண்டாவதை எடுத்தால், பழி பவுச்சின் மேல் இல்லை.

மில்லிகிராமை நம்பக்கூடாது என்பதற்கு இன்னும் வலுவான சான்று உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் 37 வகைப் பவுச்சுகளை அளந்து 2021-இல் வெளியிட்டார்கள். பிஎச் 6.86-இலிருந்து 10.1 வரை. ஈரப்பதம் 1 சதவீதத்திலிருந்து 47 சதவீதம் வரை. உடனே உட்புகத் தயாராக இருக்கும் நிகோட்டினின் பங்கு, ஒன்றில் 7.7 சதவீதம், இன்னொன்றில் 99.2 சதவீதம். 6 மில்லிகிராம் என்று எழுதிய இரண்டு டப்பாக்கள் வாயில் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

ஈரப்பதம் வேகத்தை மாற்றும். ஈரமான பவுச் வைத்தவுடன் சுள்ளென்று பிடிக்கும், சுவையும் சீக்கிரம் வடியும். உலர்ந்தது எச்சிலை உறிஞ்சி ஊறவே சில நிமிடம் ஆகும், பிறகு மெதுவாக நீளும். எச்சில் அதிகம் ஊறுகிறவருக்கும், நாக்கால் பவுச்சைச் சும்மா விடாமல் நெருடிக்கொண்டே இருப்பவருக்கும் சரக்கு வேகமாகக் கரையும். கரைந்ததெல்லாம் ஈறு வழியே ஏறாது. எச்சிலோடு விழுங்கிய பங்கு வயிற்றுக்குப் போய், கல்லீரலில் பெரும்பகுதி சிதைந்து, பலன் குறைவாகவும் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் அதிகமாகவும் வந்து சேரும். டப்பாவுக்கும் ஆயுள் உண்டு: வெயிலில் நிற்கும் காரில் போட்டுவைத்தால் ஈரம் வற்றி, வாசனை பறந்து, காற்றுப் பட்ட நிகோட்டின் மெல்ல நிறம் மாறத் தொடங்கும்.

ரத்தத்துக்கு வருவோம். சிகரெட் புகை நுரையீரல் வழியாகப் போவதால் பத்திருபது விநாடியில் நிகோட்டின் மூளையைத் தொட்டுவிடும். பவுச் அப்படிப் பாயாது, ஏறும். ஒரு மணி நேரம் வைத்திருந்தால் அந்த ஒரு மணியின் முடிவை ஒட்டித்தான் ரத்தத்தில் உச்சம் வரும். அதாவது சுவை அரை மணியில் ஓய்ந்த பிறகும் அளவு கூடிக்கொண்டே போகிறது. எடுத்த பிறகு, உடலில் இருப்பது பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். இந்த இரண்டு மணியும் எல்லாருக்கும் ஒன்றில்லை. நிகோட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம், சிலருக்குச் சுறுசுறுப்பு. பெண்களுக்குச் சராசரியில் வேகம் கூடுதல்; கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதல்; கர்ப்பத்தில் மிகக் கூடுதல். கர்ப்பிணிகள் விடத் தவித்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். பலவீனம் என்று அவர்களைத் திட்டுவதற்கு முன் யோசிக்கலாம்.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது வேறொன்று. சிகரெட் தானாகவே அணைந்துவிடும். ஐந்தாறு நிமிடத்தில் கங்கு விரலைத் தொட்டு, போதும் என்று சொல்லிவிடும். வெளியே போய்ப் பற்றவைக்க வேண்டும், வாடை வீசும், மனைவி முறைப்பாள். பவுச்சுக்கு இந்த வேலிகள் ஒன்றுகூட இல்லை. கூட்டத்தில், வகுப்பில், விமானத்தில், ஆட்டக்களத்தில்கூட இருக்கலாம். இங்கிலாந்தில் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கத்துக்காக லஃப்பரோ பல்கலைக்கழகம் 2024-இல் நடத்திய ஆய்வில், பதில் சொன்னவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஸ்னூஸோ பவுச்சோ பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஒன்றை எடுத்த கையோடு அடுத்ததை வைத்துவிடுகிறவருக்கு ‘எவ்வளவு நேரம் தாங்கும்’ என்ற கேள்வியே அர்த்தமற்றுப் போகிறது. முந்தையது பாதியாகக் குறைவதற்குள் அடுத்தது வந்து சேர, பகல் முழுக்க அளவு படிப்படியாக ஏறி, தூங்கும்போதும் ரத்தத்தில் கொஞ்சம் நிற்கிறது. மூளையின் ஏற்பிகள் பழகி மரத்துப்போகின்றன. அப்போது 3 மில்லிகிராம் ‘நிற்கவில்லை’ என்று தோன்றும், 6 வாங்குவார், ஐரோப்பாவில் அதற்கு மேலும் கிடைக்கிறது. பவுச் மாறவில்லை, நேரமும் மாறவில்லை, ஆள் மாறிவிட்டார்.

நிறுத்தினால் எரிச்சலும் பதற்றமும் கவனச்சிதறலும் சில மணி நேரத்திலேயே தலைகாட்டும். இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சிக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். உடலில் தடயம் நிற்பதும் நாள் கணக்கில்தான். நிகோட்டின் சிதைந்து உருவாகும் கோட்டினின் பாதியாகக் குறையவே 16 மணிக்கு மேல் ஆகலாம். பழகியவர் உடலில் பல நாட்களுக்குப் பரிசோதனையில் தெரியும். டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கும்போது சிறுநீரில் சில நிறுவனங்கள் தேடுவது இதைத்தான். அது புகையிலிருந்து வந்ததா, பவுச்சிலிருந்து வந்ததா என்று கோட்டினின் சொல்வதில்லை. விண்ணப்பத்தில் ‘புகைப்பதில்லை’ என்று எழுதியது பொய்யில்லையே என்று பவுச்சுக்காரர் வாதாடிப் பார்க்கலாம். பிரீமியம் புகைப்பவருக்கு உரியதாகத்தான் வர வாய்ப்பு.