கட்டுமாவடிக் கடல் வேறு, தனுஷ்கோடிக் கடல் வேறு

கீரமங்கலத்துக்காரர்களுக்குக் கடல் தூரமில்லை. பேராவூரணி வழியாகப் போனால் கட்டுமாவடி, அறந்தாங்கி வழியாகப் போனால் மணமேல்குடி. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் விடியுமுன் வேன் பிடித்துப் போய், தர்ப்பணம் கொடுத்து, முழுக்குப் போட்டுவிட்டு வருகிற குடும்பங்கள் ஏராளம். இறங்கினால் வெகுதூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர்தான். காலுக்கடியில் சேறு. அலை என்று சொல்லும்படி எதுவும் வராது. பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்க, பெரியவர்கள் நிம்மதியாகக் கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். கடல் என்றால் இப்படித்தான் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. எனக்குக் கவலை தருவது இந்தப் பழக்கம்தான்.

அதே வேன் கோடை விடுமுறையில் மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் தாண்டி ராமேஸ்வரம் போகிறது. தரிசனம் முடிந்ததும் அடுத்த நிறுத்தம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ஊரும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும், அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் கடலோடு போன இடம். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு காலம், மணலில் ஓடும் வண்டி பிடித்தோ நடந்தோதான் அங்கே போக முடிந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. இப்போது சொந்தக் காரிலேயே முனை வரை போகிறோம். சாலை எளிதாகிவிட்டது, கடல் அப்படியேதான் இருக்கிறது. குளிக்கத் தடை என்ற பலகை அங்கே இருந்தும், அதன் பக்கத்திலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்க்கலாம்.

சாலையின் இருபுறமும் இருப்பவை வெவ்வேறு கடல்கள். ராமேஸ்வரத்துக்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடக்கே பாக் விரிகுடா. நம் கட்டுமாவடியைத் தொடுகிற அதே தண்ணீர். இலங்கைத் தீவும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் இந்தியப் பெருங்கடலின் அலையை மறித்து நிற்பதால்தான் நம் பக்கம் அமைதி. தெற்கே மன்னார் வளைகுடாவுக்கு அந்த மறைப்பு இல்லை. எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பிய அலையும் நேரே கரைக்கு வந்து சேரும். பெயரை நம்பிப் பெண் கடலில் இறங்கிவிடவும் கூடாது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடபுறம் கொந்தளிக்கும். முனையிலோ இரு பக்கத்து நீரோட்டமும் சேர்ந்து மணலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியாது.

கன்னியாகுமரியோ சென்னையோ, திறந்த கடலோரம் எல்லாவற்றிலும் இன்னொன்று உண்டு. அலை கரையில் கொட்டிய தண்ணீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளமான ஒரு வாய்க்கால் கிடைத்தால் அதன் வழியே மொத்தமும் பாயும். பள்ளத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் ஓரிடம் மட்டும் சற்றுக் கருத்து, சலனமின்றித் தெரியும். குழந்தையோடு வந்தவர், ‘இங்கே அலை இல்லை, இங்கேயே இறங்கலாம்’ என்று தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான். கட்டுமாவடியில் பழகிய கண்ணுக்கு அது ஊர்க்கடல் போலத் தெரிகிறது. உண்மையில் கரையிலேயே மிக ஆபத்தான இடம் அதுதான். போட்டிகளில் நீந்துகிறவரைக்கூட அந்த இழுவை பின்னுக்குத் தள்ளிவிடும்.

அந்த இழுவை ஆளை அடியில் அமுக்குவதில்லை, கரையை விட்டு வெளியே கொண்டுபோகிறது. பதறிப்போய் நேரே கரையை நோக்கி எதிர்நீச்சல் போடுகிறவர், தளர்ந்துபோய் மூழ்குகிறார். மல்லாந்து மிதந்து மூச்சைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்தத் தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போக வேண்டும். வாய்க்கால் அகலமானதல்ல, தாண்டிவிட்டால் அலையே கரைப்பக்கம் தள்ளும்.

நம் பகுதியில் ஒரு தலைமுறை கமலைக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியது. இன்று ஆழ்துளைக் கிணறுதான் எங்கும். பிள்ளைகள் பலருக்கு நீச்சலே தெரியாது. தெரிந்தவர்களுக்கோ கிணற்று நீச்சல் தந்த தைரியம் மிச்சமிருக்கிறது. நான்கு சுவருக்குள் நின்ற தண்ணீரில் கற்றது, ஓடும் தண்ணீரில் கை கொடுக்காது. கிணற்றில் எட்டிப் பிடிக்கப் படி இருந்தது.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். ஒரு திருமணத்துக்காக வந்தவர்கள். அந்த நாட்களில் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை அமலில் இருந்தது. தெற்கே வெகுதூரத்தில் எழுந்த புயலின் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத வேளையில் கரையில் ஏறுவதற்கு மீனவர்கள் வைத்த பெயர் அது. வானம் தெளிவாக இருக்கிறது என்பது கடல் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சியாகாது. ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது, செய்திகளிலும் வருகிறது. நாம்தான் மழை வருமா என்று பார்க்கிற அளவுக்குக் கடலைப் பார்ப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில்தான் கள்ளக்கடல் அதிகம்; பள்ளி விடுமுறையும் அப்போதுதான்.

ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்து மூன்று பேர் போன செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது. தண்ணீரில் தத்தளிப்பவர் எதிரே வருகிறவரைப் பிடித்து அமுக்கவே செய்வார், அது அவர் குற்றமில்லை. இறங்குவதற்குப் பதில் மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனை வீசலாம். வேனில் சாமான் கட்டும் கயிறு இருக்கும், அதை வீசலாம். மீட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தைக் கொல்லும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதி, நெஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

கடலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இருபுறமும் நீலம் விரிந்து கிடக்கிற அந்தச் சாலையைப் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். அரிச்சல்முனையில் கரையில் நின்று பார்த்தாலே போதும், பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடலாம். கால் நனைத்தே ஆகவேண்டும் என்றால் அனுமதி உள்ள கரையில், உள்ளூர் மீனவர் ஒருவரிடம் ‘அண்ணே, இன்னிக்கு இங்க இறங்கலாமா?’ என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். குடித்தவரை இறங்க விடாதீர்கள். தண்ணீரில் இறங்காமல் பிள்ளைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க ஒருவரை, வேன் ஊரைவிட்டுக் கிளம்பும்போதே பேர் சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள்.