மட்கார்டுல கை வைக்கப் போறீங்களா?

வண்டியில சின்னதா ஒரு கீறல் விழுந்தாலே ரெண்டு நாள் சோறு இறங்காது நமக்கு. ஆனா அமெரிக்காவுல ஒரு கூட்டம் இருக்கு. பழைய ஜீப்பை வாங்குறாங்க, பெரிய டயர் மாட்டுறாங்க, அடுத்த வேலையா கிரைண்டரை எடுத்து மட்கார்டையே வெட்டித் தள்ளுறாங்க! (கிரைண்டர்னதும் இட்லி மாவு ஞாபகம் வருதா? இது வெல்டிங் பட்டறையில தீப்பொறி பறக்க விடுமே, அந்த கிரைண்டர்!)

என்ன பாஸ், லூஸா இவங்கன்னு கேக்குறீங்களா? இல்லவே இல்லை. காடு, மலை, பாறைன்னு வண்டி ஓட்டுறவங்களுக்கு இது ரொம்ப சாதாரணமான வேலை. ஆனா முதல் தடவையா செய்யறவங்க நிறைய பேர் சொதப்புற வேலையும் இதுதான். ஏன்னா தகரத்தை வெட்டிட்டா வெட்டினதுதான். 'அன்டூ' பட்டன் கிடையாது!

ஹீரோ யாரு?

இந்த வெட்டு வேலைக்குப் பேர் போன வண்டி, ஜீப் செரோகி. கம்பெனி வெச்ச கோடு நேம் எக்ஸ்ஜே. 1984 மாடலா வந்து, 2001 வரைக்கும் அமெரிக்காவோட ஓஹையோ மாநிலத்துல இருக்கிற டொலீடோ நகரத்துல தயாரான வண்டி. தீப்பெட்டி மாதிரி சதுரமான உடம்பு, முன்னாலயும் பின்னாலயும் உறுதியான முழு ஆக்ஸில், 1987-ல இருந்து 4 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். வெயிட்டும் கம்மி. ஆஃப்-ரோடு ஆர்வம் வந்த அந்த ஊர் இளசுகள்ல பல பேருக்கு முதல் வண்டியே இதுதான். கடைசியா வந்த எக்ஸ்ஜேவுக்கே இப்போ இருபது வயசு தாண்டிருச்சு. அதனால, மிச்சம் இருக்கிற ஒவ்வொரு நல்ல பாடியும் பொக்கிஷம்.

எதுக்கு வெட்டணும்?

கொஞ்சம் கணக்கு பாப்போம். பயப்படாதீங்க, அரியர் வைக்கிற அளவுக்கு இல்லை!

இந்த வண்டிக்கு கம்பெனி கொடுத்த டயர் அளவுகள்ல ஒண்ணு 225/75 ஆர் 15. அதோட விட்டம் சுமார் 718 மி.மீ., அதாவது 28 இன்ச் சொச்சம். ஆஃப்-ரோடு ஆசாமிங்க மாட்டுறது 31 இன்ச், அதாவது 787 மி.மீ. விட்டத்துல 69 மி.மீ. கூடுது. அதுல பாதி, சுமார் 34 மி.மீ., ஆக்ஸிலுக்கு அடியில கூடுதல் இடமா கிடைக்கும். வழியில இருக்கிற கல்லுல முதல்ல இடிக்கிறது ஆக்ஸில் நடுவுல உருண்டையா தொங்குற டிஃபரன்ஷியல்தான். ஸ்பிரிங்கை உயரமாக்கினா பாடிதான் மேலே போகும், ஆக்ஸில் இருந்த இடத்துலயே இருக்கும். ஆக்ஸிலை மேலே தூக்கணும்னா பெரிய டயர்தான் வழி.

சரி, பெரிய டயர் சுத்த இடம் வேணுமே? ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஸ்பிரிங்கை மாத்தி பாடியை உயர்த்துறது. ரெண்டாவது, மட்கார்டை வெட்டுறது. உயர்த்த உயர்த்த வண்டியோட புவியீர்ப்பு மையமும் மேலே ஏறும். திருப்பத்துலயும் சரிவுலயும் வண்டி கவிழுற ஆபத்தும் கூடும். அதனால அனுபவசாலிங்க கொஞ்சம் உயர்த்தி, கொஞ்சம் வெட்டி சமாளிக்கிறாங்க. 31 இன்ச் டயருக்கு எக்ஸ்ஜேவுல பொதுவா 3 இன்ச் உயர்த்திட்டு, மிச்ச இடிக்கு மட்டும் கத்தி வைப்பாங்க.

கத்திக்கு முன்னாடி சாக்பீஸ்!

புதுசா செய்யறவங்க சறுக்குறது இங்கேதான். சமதரையில வண்டி நிக்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இடைவெளி தாராளமா தெரியும். இல்லைன்னா கண்ணளவுல 'இவ்வளவு போதும்'னு வெட்டிடுவாங்க. ரெண்டுமே தப்பு.

பாறை மேல ஏறும்போது ஒரு பக்க டயர் பாடிக்குள்ள ஏறும், எதிர்ப்பக்க டயர் கீழே தொங்கும். அந்த நிலைமையை வீட்லயே உண்டாக்கணும். உறுதியான சாய்வு மேடையில ஒரு முன் டயரை மெதுவா ஏத்துங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, மத்த டயருக்கு அண்டக்கல் வைங்க. இப்போ ஸ்டீயரிங்கை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்புங்க. எங்கெல்லாம் உரசுதோ, நெருங்குதோ, அங்கெல்லாம் சாக்பீஸ்ல குறிங்க. நாலு டயருக்கும் இதே சோதனை. (இந்த நேரத்துல வண்டிக்கு அடியில தலையை விடுற வேலை மட்டும் கூடாது!)

எக்ஸ்ஜேவுல முன்னாடி உரசுறது பெரும்பாலும் பம்பர் ஓரத்து பிளாஸ்டிக்கும், சக்கர வளைவோட பின்பக்கக் கீழ் மூலையும்தான். பின்னாடி, வளைவோட மேல் விளிம்பு.

அடுத்தது, பம்ப் ஸ்டாப்பைப் பாருங்க. ஆக்ஸில் மேலே ஏறி பாடியில மோதாம தடுக்கிற ரப்பர் கட்டை அது. அதைக் கொஞ்சம் நீளமாக்கினாலே சில இடத்துல வெட்டு வேலையே மிச்சமாகும்.

அதுக்கப்புறமும் வெட்டணும்னா, மாஸ்க்கிங் டேப் ஒட்டி கோடு போடுங்க. ஒரு பக்கக் கோட்டை சார்ட் பேப்பர்ல நகல் எடுத்து, திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்துல வரைங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். ரெக்கார்ட் நோட்டுக்கு படம் போட்டுப் பழகின கைதானே!

முன்னாடி ஓகே, பின்னாடி உஷார்

முன் மட்கார்டு போல்ட் போட்டு மாட்டினது. சொதப்பிட்டா, பழைய வண்டி உடைக்கிற இடத்துல வேற ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம். அதனால முதல் வெட்டை இங்கேதான் ஆரம்பிக்கணும்.

பின்பக்கம் கதையே வேற. எக்ஸ்ஜேவுக்குத் தனியா சேஸிஸ் ஃபிரேம் கிடையாது. பாடியும் ஃபிரேமும் ஒண்ணா வெல்டிங் பண்ணின அமைப்பு. பின் சக்கர வளைவுல ரெண்டு தகடு இருக்கு. வெளியே தெரியறது ஒண்ணு, உள்ளே சக்கரக் கூடு ஒண்ணு. ரெண்டும் விளிம்புல சேர்ந்து ஒட்டியிருக்கும். அந்த விளிம்பை முழுசா வெட்டி எறிஞ்சா என்ன ஆகும்? ரெண்டு தகடும் பிரிஞ்சு வாயைப் பிளக்கும். அந்த இடைவெளியில தண்ணி, சேறு, சில சமயம் சைலன்சர் புகைகூட வண்டிக்குள்ள வரும். அந்தப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்ஸைடு, வாசனையே இல்லாம ஆளைச் சாய்க்கிற விஷம்.

அதுக்குத்தான் 'வெட்டி மடிக்கிற' முறை. வெளித்தகட்டை மட்டும் கோடு வரைக்கும் வெட்டணும். உள்தகட்டை நீளமா விட்டு, இன்ச்சுக்கு ஒரு கீறல் போட்டு, ஒவ்வொரு துண்டையும் சுத்தியலால தட்டி வெளித்தகட்டோட சேர்த்து மடிக்கணும். அப்புறம் வெல்டிங் வெச்சு, சீலர் பூசி, காத்துகூட போகாதபடி அடைக்கணும். வெல்டிங் தெரியாதா? கூச்சப்படாம தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க. இன்னொண்ணு, பெட்ரோல் ஊத்துற வாய் இடது பின்பக்கத்துலதான் இருக்கு. தகட்டுக்குப் பின்னால என்ன ஓடுதுன்னு பார்க்காம அங்கே தீப்பொறி பறக்க விட்டா... சொல்லவே வேணாம்!

தீப்பொறி விளையாட்டு இல்லை

கட்டிங் வீல் மேல அதிகபட்ச ஆர்.பி.எம். அச்சடிச்சிருக்கும். மெஷினோட வேகம் அதுக்கு மேல இருக்கவே கூடாது. காப்பு மூடியைக் கழட்டாதீங்க. மெல்லிசான வீலைப் பக்கவாட்டுல அழுத்தினா உடைஞ்சு பறக்கும். கண்ணாடி, முகக் கவசம், காது அடைப்பான் கட்டாயம். லூஸ் சட்டை, துப்பட்டா, கழுத்துச் செயின் எல்லாம் ஓரமா இருக்கட்டும். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு, ஜன்னல் கண்ணாடியைப் போர்வையால மூடுங்க. தீப்பொறி பட்டா கண்ணாடியில புள்ளி புள்ளியா ஒட்டிக்கும். தீயணைப்பான் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும்.

இன்னொரு டிப்ஸ்: கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழேயே முதல்ல வெட்டுங்க. திரும்ப சோதனை பண்ணுங்க. போதலைன்னா மறுபடி வெட்டலாம். அதிகமா வெட்டினதைத்தான் ஒட்ட முடியாது.

வெட்டின பிறகுதான் வேலையே

வெட்டுறது அரை மணி நேரம்தான். வெட்டின விளிம்பு பச்சை இரும்பு, மழை பட்டா துருப் பிடிச்சிடும். அரத்தால தேய்ச்சு, பிரைமர், பெயின்ட் அடிச்சு, மேல ரப்பர் பீடிங் மாட்டுங்க. இல்லைன்னா கூரான விளிம்பு டயரோட பக்கவாட்டைக் கிழிச்சிடும். ஹைவேயில டயர் வெடிச்சா உங்க உயிர் மட்டுமில்ல, எதிர்ல வர்றவங்க உயிரும் போகும். சக்கரம் முழுசா தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுதான்னும் பாருங்க. ஸ்பீடோமீட்டரும் குறைச்சுத்தான் காட்டும். முள் 60-ல இருந்தா, வண்டி 65-க்கு மேல ஓடுதுன்னு அர்த்தம்!

நம்ம ஊர்ல..?

'மாமா வீட்ல பழைய ஜிப்ஸி நிக்குது, ஆரம்பிச்சுடலாமா?'ன்னு கை பரபரக்குதா? கொஞ்சம் பொறுங்க. அமெரிக்காவுலயே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற. டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தக் கூடாதுன்னு சில மாநிலங்கள் சொல்லுது. இந்தியாவுல கெடுபிடி இன்னும் ஜாஸ்தி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அளவுகள்ல இருந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திருச்சு. அதே வருஷம் வந்த திருத்தம், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாசம் வரை ஜெயில், இல்லை ரெண்டும்னு சொல்லுது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேக்காம ரோட்ல ஓடுற வண்டியில கை வைக்காதீங்க.

ஆனா கத்துக்கிறதுக்கு எந்தச் சட்டமும் தடை போடலையே! காயலான் கடையில எடைக்கு ஒரு பழைய மட்கார்டு வாங்குங்க. காலேஜ் ஒர்க்ஷாப்ல சாரை பக்கத்துல வெச்சுக்கிட்டு, கோடு போட்டு, வெட்டி, மடிச்சு, பெயின்ட் அடிச்சுப் பாருங்க. பத்து தடவை கோணலா வரட்டும், பரவாயில்ல. பதினோராவது தடவை நேரா வரும். அப்போ நிஜ வண்டியைப் பத்தி யோசிக்கலாம்!