பாலினத்தை வினவும் முறை

கணக்கெடுப்புக்குச் செல்லும் ஊழியர் வீட்டு வாயிலில் நின்று பெயரைக் கேட்கிறார். வயதையும் தொழிலையும் கேட்கிறார். ஆணா பெண்ணா என்பதை மட்டும் அநேகமாகக் கேட்பதில்லை. பெயரையும் உடையையும் கொண்டு தாமே எழுதிக்கொள்கிறார். பிழை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஆண் (1), பெண் (2) என்பவற்றோடு ‘மற்றவர்’ (3) என்ற குறியீடும் இடம் பெற்றது. அதில் பதிவானோர் 4,87,803 பேர். இவர்களுள் 54,854 பேர், அதாவது ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர், ஆறு வயதுக்கு மேற்படாத குழந்தைகள்! அக்குழந்தைகள் தாமே விடையளித்திருக்க இயலாது. பிறப்பிலேயே உடற்கூறு வேறுபட்டிருந்த குழந்தைகள் சிலர் இருக்கலாம். குறியீட்டைத் தவறாக எழுதியதும் காரணமாகலாம். மறுபுறம், குடும்பத் தலைவரே எல்லோருக்காகவும் விடை சொல்லும் வீடுகளில், வயது வந்தவர் தம்மைப் பற்றிக் கூற விரும்பியது ஏட்டில் ஏறாமலே போயிருக்கக்கூடும். ஆகவே இத்தொகையை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை.

ஒருவர் தமது பாலினத்தைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளும் உரிமையுடையவர் என்று உச்ச நீதிமன்றம் 15-4-2014 அன்று தீர்ப்பளித்தது. திருநங்கை ஒருவர் ‘பெண்’ என்று விடையளித்தால் அவ்வாறே எழுதுதல் வேண்டும். ‘மூன்றாம் பாலினம்’ என்று திருத்துவதற்கு ஊழியருக்கு அதிகாரமில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் திருநங்கையர், திருநம்பியர், இடைப்பாலினத்தவர் ஆகியோரையும், ஹிஜ்ரா, கின்னர், ஜோகதா, அரவாணி முதலிய பெயர்களால் வழங்கும் சமூகத்தினரையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆனால் இவர்கள் அனைவரும் ஒரே விடையைத் தருவார்கள் என்று எதிர்பார்க்கலாகாது.

எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து வினா அமையும். படிப்பு, வேலை, வருமானம் பற்றிய ஆய்வுக்கு ஒரு வினாவே போதும்: “தங்கள் பாலினத்தை எவ்வாறு குறிக்கட்டும்?” ஆண், பெண், மூன்றாம் பாலினம், வேறு (தம் சொல்லிலேயே எழுத இடம்), கூற விருப்பமில்லை என விடைகள் இருக்கலாம். சுகாதார ஆய்வில் இது போதாது. கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை, கருப்பை வாயுள்ள திருநம்பிக்கும் அவசியமானது. ஏட்டில் ‘ஆண்’ என்று மட்டும் இருந்தால் அவர் பட்டியலிலிருந்து நழுவிவிடுவார். அங்கே, பிறப்பின்போது பதிவான பால் எது, இன்று தாம் கூறிக்கொள்ளும் பாலினம் எது என இரு வினாக்கள் தேவை. தேவையில்லாத இடத்தில் முதல் வினாவைக் கேட்பது வீண் துருவலாகும். அறுவைச் சிகிச்சையைப் பற்றிய கேள்விக்கும் இது பொருந்தும்.

வயது வந்தவரைத் தனியே, மற்ற வினாக்களைக் கேட்கும் அதே குரலில் கேட்டல் நலம். சிலரிடம் மட்டும் தயங்கிக் கேட்டால், அத்தயக்கமே அவரைச் சுட்டிக்காட்டிவிடும். வகுப்பறையில் கையுயர்த்தச் சொல்லி எண்ணுவது கூடவே கூடாது. ஆசிரியர்கள் பெயரில்லாத தாளைக் கொடுத்து மடித்து வாங்கலாம்.

அட்டவணை தயாரிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு கிராமத்தின் பெயருக்கு எதிரே ‘1’ என்று அச்சிட்டால், அவர் யாரென்று ஊரே அறிந்துவிடும். அத்தகைய எண்களை மாவட்ட அளவில் சேர்த்தே வெளியிடுதல் தகும். குடிமதிப்புப் பதிவேடுகளின் இரகசியத்தை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. அச்சட்டத்தின் கீழ் வாராத ஆய்வுகளில், விடைகளை யார் பார்ப்பார், எங்கே வைக்கப்படும் என்பதை வினவத் தொடங்குமுன்னரே ஊழியர் சொல்லிவிட வேண்டும்.