வன்பயிற்சியும் மென்பயிற்சியும்

யோகம் எட்டு உறுப்புக்களை உடையது. அவற்றுள் மூன்றாவது ஆசனம். திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே இவ்வெட்டினையும் முறைப்பட விரித்துள்ளார். பதஞ்சலி முனிவர் ஆசனத்துக்கு வேண்டுவனவாக உரைத்தவை இரண்டே. நிலைபெற்றிருத்தல் ஒன்று, சுகமாயிருத்தல் மற்றொன்று.

இக்காலத்தே ஆசனப் பயிற்சி இருவகையாக வழங்குகின்றது. வன்பயிற்சியில் சூரிய நமஸ்காரம் முதலியன இடைவிடாது தொடரும், நாடி விரையும், வியர்வை பெருகும், தசைகள் வலுப்பெறும். மென்பயிற்சியில் சில ஆசனங்களே மெல்லப் பயிலப்படும், இடையிடையே ஓய்வுண்டு, மூச்சு நெடிதாய் வெளிவிடப்படும். வெளிமூச்சின்போது இதயத்துடிப்புச் சிறிது தணிவது உடலியற்கை ஆதலின், இப்பயிற்சி அமைதியைத் தருகின்றது.

இவற்றுள் எது சிறந்தது? இவ்வினாவுக்கு மைசூர் யோகசாலையின் வரலாறு நல்ல விடை தருகின்றது. 1930களில் அங்கே ஆசிரியராய் விளங்கியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). அரண்மனைச் சிறுவர்க்கு அவர் கற்பித்தது வன்பயிற்சி. அவர் மாணாக்கர் பட்டாபி ஜோயிஸ் அம்முறையையே பிற்காலத்தில் உலகெங்கும் பரப்பினார். பின்னர்ச் சென்னையில் வாழ்ந்த காலத்தே, முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அவரவர் நிலைக்கேற்ப மெல்லிய பயிற்சிகளை அவர் வகுத்தார். அவர் மைந்தர் தேசிகாச்சாரியார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்நெறியிலே நின்றது. ஆசிரியர் ஒருவரே, பயில்வோர் வேறுபட்டமையால் பயிற்சியும் வேறுபட்டது.

இலங்கையிலும் மென்னெறி வேரூன்றியதுண்டு. சுவாமி சிவானந்தரின் சீடராகிய சுவாமி சச்சிதானந்தர் 1953இல் இங்கு வந்து, திருக்கோணமலையிலும் கண்டியிலும் தொண்டாற்றினார். ஆசனத்தோடு தளர்வும், மூச்சும், தியானமும் இணைந்தது அவர் நெறி.

கண்டிக்கு வடக்கே அமைந்த மாத்தளை மாவட்டத்து வாழ்க்கையை நோக்குக. இறத்தோட்டை, எல்கடுவைச் சரிவுகளிலே பகலெல்லாம் ஏறியிறங்கிக் கொழுந்து கொய்யும் தாய்க்கு உழைப்புக் குறைவில்லை. மாலையில் அவர் வேண்டுவது, கால்களைச் சுவரிலே உயர்த்திக் கிடத்தலும், சவாசனமும், அமைந்த மூச்சுமே. அவர் மகன் வகுப்பிலே குனிந்தமர்ந்து நாளைக் கழிக்கின்றான். அவனுக்குக் காலையில் சூரிய நமஸ்காரம் நலம் பயக்கும். எனினும் பரீட்சைக்காக இரவிலே கண்விழித்த மறுநாள், அவனுக்கும் மென்பயிற்சியே தக்கது. ஒரே வீட்டில், ஒரே நாளில், இருவர்க்கும் விதி வேறு.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. உயர்ந்த இரத்த அழுத்தம், கண்ணழுத்த நோய், கழுத்து நோய் உடையோர் சிரசாசனத்தை விலக்குதல் வேண்டும். கருவுற்ற மகளிர் மருத்துவரை உசாவியே எதனையும் தொடங்குதல் வேண்டும். நண்பன் செய்கின்றான் என்று வீம்பினால் உடலை முறுக்கும் மாணாக்கன், பெறும் நலத்தினும் இழப்பதே மிகுதி.

தேர்வுக்கு உரைகல் மூச்சே. பயிலுங்கால் மூச்சுத் தடைப்பட்டாலும், முகம் சுளித்தாலும், பயிற்சி அளவு கடந்தது என்று அறிக. மூச்சுச் சீராயிருந்தும் உடல் சோம்பிக் கிடப்பின், சற்றே வன்மை கூட்டுக. இவ்வாறு நாள்தோறும் தன்னிலையைத் தானே ஆராயும் பழக்கம், எஞ்சிய யோக உறுப்புக்களைப் பயில்வதற்கும் மாணாக்கரை ஆயத்தப்படுத்தும்.