கத்தி பட்டால் கேன்சர் பரவுமா? உயிருள்ள உடலுக்குள் எடுத்த வீடியோக்கள் காட்டுவது என்ன?

``பயாப்சி எல்லாம் வேணாம் டாக்டர். கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே...''

புற்றுநோய் மருத்துவர்களுக்குப் பழகிப்போன வசனம் இது. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ இதைச் சொல்லியிருப்பார்கள். இந்தப் பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, கட்டி பெரிதான பிறகு வருகிறவர்களும் உண்டு.

சரி, கேன்சர் செல் நிஜமாக எப்படிப் பரவுகிறது? இதை யூகித்துச் சொல்ல வேண்டிய காலம் போய்விட்டது. உயிரோடு இருக்கும் உடலுக்குள், செல் நகர நகர வீடியோவே எடுத்திருக்கிறார்கள்.

பயாப்சி ஸ்லைடு என்பது திருவிழாக் கூட்டத்தை எடுத்த ஒரே ஒரு போட்டோ மாதிரி. கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். யார் கிளம்பப் போகிறார்கள், எந்த வாசல் வழியாக என்பது தெரியாது. 1889-ல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசினார். 241 பேருக்குக் கல்லீரலில் பரவியிருந்தது. மண்ணீரலில் 17 பேருக்கு மட்டும்தான். `விதை எங்கும் போய் விழலாம், மண் ஒத்துவந்தால்தான் முளைக்கும்' என்பது அவர் முடிவு. அருமையான கணிப்பு. ஆனால், அந்த விதை கிளம்பிப் போவதை அவரால் பார்க்க முடியவில்லை.

பார்ப்பதற்கு மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. முதலாவது, ஜெல்லிமீனின் பச்சை ஒளிரும் புரதம். ஒசாமு ஷிமோமுரா 1962-ல் பிரித்தெடுத்த இந்தப் புரதத்துக்காக 2008-ல் மூன்று பேர் நோபல் பரிசு பெற்றார்கள். இதன் மரபணுவைக் கேன்சர் செல்லுக்குள் வைத்துவிட்டால், அந்த செல் மட்டும் இருட்டில் மின்மினி மாதிரி தெரியும்.

இரண்டாவது, 1990-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான டூ-போட்டான் மைக்ராஸ்கோப். மொபைல் டார்ச்சை விரலுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள்... சிவப்பு மட்டும்தான் ஊடுருவி வரும், இல்லையா? அதையும் தாண்டிய அகச்சிவப்பு ஒளி திசுவுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். அந்த ஒளித்துகள்கள் இரண்டு, ஒரே நேரத்தில் ஒரே மூலக்கூறைத் தாக்கினால்தான் அது ஒளிரும். லேசர் குவிகிற புள்ளியில்தான் அது நடக்கும் என்பதால் சுற்றிலும் மங்கல் இல்லாமல் படம் தெளிவாக வரும். இத்தனை செய்தும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைத் தாண்டுவது கஷ்டம்!

மூன்றாவது, ஜன்னல். உருவகமாகச் சொல்லவில்லை, நிஜ ஜன்னலேதான். மயக்க மருந்து கொடுத்த எலியின் கட்டிக்கு மேல் சின்ன கண்ணாடி வில்லையைப் பொருத்திவிடுகிறார்கள். அதன் வழியாக ஒரே கட்டியை நாள் கணக்கில் பார்க்கலாம்.

நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் ஜான் காண்டீலிஸ் குழு இப்படிப் பார்த்தபோது, கட்டியின் பெரும்பாலான செல்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. வெகு சில மட்டும் கொலாஜன் நார்களை ஒற்றையடிப் பாதையாகப் பிடித்துக்கொண்டு ரத்தக்குழாயை நோக்கிப் போயின. தனியாகவும் இல்லை. கூடவே மேக்ரோஃபேஜ்கள். இவை கிருமிகளை விழுங்கும் நம் பாதுகாப்பு செல்கள். கேன்சர் செல் ஒரு ரசாயனத்தைச் சுரந்து மேக்ரோஃபேஜைக் கூப்பிடுகிறது. அது பதிலுக்கு இன்னொன்றைச் சுரந்து கேன்சர் செல்லைத் தன் பின்னால் இழுக்கிறது. காவல்காரரே திருடனுக்கு வழிகாட்டுகிற கதை!

ரத்தக்குழாயின் சுவரில் ஒரு கேன்சர் செல், ஒரு மேக்ரோஃபேஜ், குழாயின் ஒரு செல் மூன்றும் ஒட்டி நிற்கும் இடத்துக்கு `டிமெம்' என்று பெயர் வைத்தார்கள். 2015-ல் வெளியான இவர்களின் ஆய்வில் முக்கியமான ஒன்று பதிவானது. அங்கே இருக்கும் மேக்ரோஃபேஜ் ஒரு புரதத்தை வெளியிடுகிறது, குழாயின் சுவர் கொஞ்ச நேரம் நெகிழ்கிறது, கேன்சர் செல் உள்ளே நுழைகிறது, சுவர் மறுபடி மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான். எலிக் கதை மட்டும் இல்லை இது. மார்பகப் புற்றுநோய் வந்த 60 பெண்களின் திசுக்களை 2009-ல் ஒப்பிட்டபோது, நோய் பரவியவர்களின் கட்டியில் இந்த `வாசல்கள்' அதிகம் இருந்தன.

இப்போது கத்திக்கு வருவோம். கேன்சர் செல் வெளியேறும் கதவைக் கட்டி தானே கட்டிக்கொள்கிறது. ஊசி வந்து திறந்துவிடத் தேவையில்லை. ஊசி போன தடத்தில் செல்கள் ஒட்டிக்கொள்வது சுத்தக் கட்டுக்கதை என்றும் சொல்ல முடியாது. அபூர்வமாக நடக்கும். அதனால்தான் விரைப்பையில் சந்தேகக் கட்டி இருந்தால் ஊசி பயாப்சியைத் தவிர்க்கிறார்கள். எலும்புக் கட்டி என்றால், பின்னால் செய்யப்போகும் ஆபரேஷனில் அந்தத் தடத்தையும் சேர்த்து அகற்றும்படி ஊசிப் பாதையைத் திட்டமிடுகிறார்கள். அமெரிக்காவின் மயோ கிளினிக், கணையப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டது. ஊசிப் பரிசோதனை செய்துகொண்டவர்களின் சராசரி ஆயுள் 22 மாதங்கள், செய்யாதவர்களுக்கு 15. ஊசிதான் ஆயுளைக் கூட்டியது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பயந்த மாதிரி அது குறைக்கவில்லை, அதுதான் விஷயம்.

ரத்தத்தில் கலந்துவிட்டாலே எல்லாம் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 1970-ல் ஐசையா ஃபிட்லர் எலிகளின் ரத்தத்தில் கேன்சர் செல்களைச் செலுத்திக் கணக்கெடுத்தார். ஒரே நாளில் நூற்றுக்கு ஒன்றுகூட உயிரோடு மிஞ்சவில்லை. பிரச்னை அந்த மிச்சம் மீதிதான். 2018-ல் ஐன்ஸ்டீன் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் என்டன்பெர்க் குழு, துடிக்கும் இதயத்துக்குப் பக்கத்தில், மூச்சுக்கு மூச்சு அசையும் எலியின் நுரையீரலிலேயே நிரந்தர ஜன்னல் பொருத்தியது. வந்து இறங்கும் செல் சாகிறதா, வளர்கிறதா என்பதை நாள் கணக்கில் அங்கே பின்தொடர முடிகிறது. சில செல்கள் பெருகாமல் அப்படியே உறங்கிக் கிடக்கும். சில வகை மார்பகப் புற்றுநோய்கள் பத்து, பதினைந்து வருஷம் கழித்தும் திரும்பி வருவதற்கு இந்த உறக்கம் ஒரு காரணம். `அதான் அஞ்சு வருஷம் ஆயிடுச்சே' என்று செக்கப்பை நிறுத்திவிடாதீர்கள் என டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

மனித உடலில் இப்படிப் பார்க்க முடியுமா? ஜன்னல் எல்லாம் வைக்க முடியாது. ஆனால், ஆபரேஷன் நடக்கும்போதே மைக்ராஸ்கோப்பைக் கட்டியின் மேல் வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் மருத்துவமனை, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களிடம் இதைச் செய்து 2016-ல் முடிவை வெளியிட்டது. கட்டியின் ரத்தக்குழாய்களில் ஏறக்குறைய பாதியில் ரத்த ஓட்டமே இல்லை. கையில் ஏற்றும் கீமோ மருந்து கட்டிக்குள் போய்ச் சேர வேண்டியதும் இதே குழாய்கள் வழியாகத்தான்.