கணக்காளர் பரீட்சையும் மணிக்கணக்கும்

கல்லூரியை விட்டுக் கொழும்பு சென்று கணக்காளர் பரீட்சைகளுக்குத் தோற்றும் எம் பழைய மாணாக்கர், விடுமுறையில் ஊர் வரும்போது ஆசிரியர் அறையையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பதுண்டு. அவருள் புதியவர்கள் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "சேர், ஒரு தாளுக்கு எத்தனை மணித்தியாலம் படிக்க வேணும்?" தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினா அன்று இது. எனினும், தம் மூத்தோரிடம் முன்னரே கேட்டு, ஒருவர் அறுபது என்றும், மற்றொருவர் முந்நூறு என்றும், வேறொருவர் "இரண்டு கிழமை காணும்" என்றும் கூற, யாரை நம்புவதென்று அறியாது மயங்கி வந்தவர்கள் அவர்கள்.

அவருள் ஒருவனைப் பற்றி ஈண்டுச் சொல்வேன். உயர்தர வகுப்பில் வர்த்தகப் பிரிவிற் படித்துக் கணக்கியலில் அதிவிசேட சித்தி பெற்றவன். பகலிற் கணக்காய்வுக் கந்தோர் ஒன்றில் வேலை. இரவில் வெள்ளவத்தையில் ஓர் அறையிற் படிப்பு. இலண்டன் சங்கம் ஒன்றின் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி வந்தான். அதே வீட்டிற் தங்கியிருந்த மூத்தவர் ஒருவர், ஒரு மாதப் படிப்பில் இரு தாள்களை ஒருங்கே முடித்ததாகக் கூறக் கேட்டு, இவனும் ஒரே தவணையில் இரு தாள்களுக்குப் பணம் கட்டினான். இரண்டிலுந் தவறினான். அடுத்த தவணையிலும் அவ்வாறே கட்டி அவ்வாறே தவறினான். "எனக்கு மூளை காணாது, சேர். விட்டிட்டு வேற வேலை பாக்கப் போறன்" என்று அவன் சொன்ன அன்றுதான் இம்மணிக்கணக்கைச் சிரத்தையோடு ஆராயத் தலைப்பட்டேன்.

தவறுதல் மனவருத்தத்தோடு மாத்திரம் முடிவதன்று. அச்சங்கங்களின் கட்டணம் ஸ்ரேலிங் பவுணில் அறவிடப்படுவது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் எமது ரூபா மிதக்க விடப்பட்டபோது, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் இரண்டொரு மாதங்களுள் 360 ரூபா வரை ஏறியது; பவுணும் உடனேறியது. சம்பளமோ ஏறவில்லை. இம்மாணவனின் இரண்டாந் தவணைக் கட்டணத்துக்காக அவன் தாயாரின் காப்பு அடைவுக்குப் போயிற்று என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பிறதுறையினர் பொருட்டு இப்பரீட்சைகளின் இயல்பைச் சுருங்கக் கூறுவாம். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்டது. அதனோடு, 1904இல் இலண்டனில் தோன்றிய பட்டயச் சான்றுக் கணக்காளர் சங்கமும், 1919இல் தோன்றிய முகாமைக் கணக்காளர் நிறுவகமும் எம்மவர் பெரிதும் நாடுவன. மூன்றிலும் பரீட்சையோடு தொழிலனுபவமும் வேண்டப்படுதலின், தோற்றுவோர் பலர் பகலில் உழைத்து இரவிற் படிப்பவரே. முற்கூறிய சான்றுக் கணக்காளர் பரீட்சையில், தாள் ஒன்றுக்கு நூற்றுக்கு 50 புள்ளி பெற்றாற் சித்தி. கேட்க இலேசாகத் தோன்றும். ஆயின், அதன் உயர்நிலைக் கணக்காய்வுத் தாளில் அண்மை ஆண்டுகளில் சித்தியெய்தியோர், தோற்றிய நூற்றுவருள் முப்பதின்மருக்கும் நாற்பதின்மருக்கும் இடைப்பட்டோரே.

இனி, வழங்கும் எண்களை நோக்குவாம். இப்பரீட்சைகளுக்குப் பயிற்றுவோர் தாளின் கடினத்துக்கேற்ப 100 முதல் 200 மணித்தியாலம் வரை கூறுவர். அமெரிக்கப் பொதுக் கணக்காளர் பரீட்சை நான்கு பகுதிகளை உடையது. அவை நான்குக்கும் சேர்த்து 300 முதல் 400 வரை என்பது அங்கு வழங்கும் கணக்கு. முதலீட்டுப் பகுப்பாய்வாளருக்கான பரீட்சையில் படியொன்றுக்கு 300 என்பது உலகெங்கும் அடிபடும் எண். இம்முந்நூறு எங்ஙனம் பிறந்தது? தோற்றியவர்கள் தாமே தம் வாயாற் கூறிய மணித்தியாலங்களின் சராசரியை அதன் நிறுவகம் வெளியிட்டு வந்தது. அதுவே நாளடைவில் விதிபோலாயிற்று. சித்தியெய்தியோர், தவறியோர் இருசாராரும் அச்சராசரியில் அடங்குவர். அவருள் எவரும் கடிகாரம் வைத்து அளந்தவரென்று கொள்வதற்கில்லை.

தம் வாயாற் கூறும் மணிக்கணக்கு எத்துணை நம்பத்தக்கது என்பதற்கு வேறோர் ஆய்வு துணைசெய்யும். அமெரிக்காவில் ஜோன் ரொபின்சன் முதலானோர், மக்கள் உழைத்ததாகக் கூறும் நேரத்தை, அவர்கள் நாள்தோறும் எழுதிய நேரக்குறிப்போடு ஒப்பிட்டு 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கிழமைக்கு 75 மணித்தியாலமும் அதற்கு மேலும் உழைப்பதாகக் கூறினோர் ஏறத்தாழ 25 மணித்தியாலம் கூட்டிக் கூறியிருந்தனர். மிகப்பெரிய எண்ணைச் சொன்னவரே மிகுதியாகத் தவறியிருந்தனர். அவர் பொய்யர் அல்லர். களைப்பை மணியென்று எண்ணியவர். எம் மாணாக்கருள் "நாள் பத்து மணித்தியாலம்" என்போரும் அத்தகையரே என்பது என் துணிபு.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு; தீங்கு மிக்கது அதுவே. "இரண்டு கிழமை காணும்" என்று சொன்னவரை விசாரித்தேன். அவர் பல்கலைக்கழகத்தில் கணக்கியற் பட்டம் பெற்றவர். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி, கிரெடிற் எனப்படும் கல்வி அலகு ஒன்று, விரிவுரை, சுயகற்றல், பரீட்சை யாவும் உட்பட 50 மணித்தியாலக் கற்றலைக் குறிப்பது. மூன்று அலகுடைய பாடம் ஒன்று 150 மணித்தியாலம் என்றாகும். அப்பாடத்தை முன்னரே ஆழக் கற்றவர் பின்னர் இரண்டு கிழமை மீட்டாராயின், அவர் படித்தது இரண்டு கிழமையன்று. வெள்ளவத்தை மூத்தவரோ, ஐந்து ஆண்டு கணக்காய்வுக் கந்தோரில் இருந்து, ஒருங்கிணைந்த நிதிக்கூற்றுகளைத் தம் கையாலேயே ஆயத்தஞ் செய்து பழகியவர். கந்தோரிற் கழிந்த நேரத்தை அவர் படிப்பென்று எண்ணவில்லை. எண்ணாதது அவர்க்கு இயல்பே. அதனைக் கேட்டுப் பணம் கட்டியவனுக்கு வந்ததே கேடு.

நிற்க. அம்மாணவனிடம் நான் வேண்டியது ஒன்றே. ஒரு சிறு குறிப்பேடு வாங்கி, மேசையில் அமர்ந்த நேரத்தையன்று, படித்த நேரத்தை மாத்திரம் நிமிடக் கணக்கில் எழுதுமாறு கூறினேன். கைத்தொலைபேசியை வீட்டுக்கார அம்மாவின் குசினியில் வைத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. இரவு ஏழு முதல் பதினொரு மணி வரை நான்கு மணித்தியாலம் படிப்பதாக அவன் நம்பியிருந்தான். முதல்நாட் குறிப்பு இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம். சாப்பாடு, குளிப்பு, நண்பர் பேச்சு, தாளை அடுக்குதல், அட்டவணைக்கு நிறந்தீட்டுதல் இவை எஞ்சியதை உண்டன. கிழமைக்கு 25 என்று எண்ணியிருந்தவனுக்கு அக்கிழமையின் மொத்தம் பதினொன்றரையே வந்தது. தவணைக்குத் தவணை உள்ள இடைவெளி பதின்மூன்று கிழமை. 25 ஆயின் 325 மணித்தியாலம். இரு தாளுக்கும் போதியது. பதினொன்றரை ஆயின் 150க்குச் சற்றுக் குறைவு. தாளுக்கு 75 கூட இல்லை. காணாதிருந்தது மூளையன்று, மணித்தியாலமே என்பதை அவன் தன் கையெழுத்திற் கண்டான்.

அப்பதின்மூன்று கிழமையும் முழுதாகக் கிடைப்பனவல்ல. எம் நாட்டுக் கம்பனிகள் பலவற்றின் நிதியாண்டு மார்ச்சு 31இல் முடிதலின், சித்திரை முதல் ஆனி வரை கணக்காய்வுக் கந்தோரில் இரவு ஒன்பது மணிக்கு முன் வீடு திரும்புதல் அரிது. வங்கிகளின் ஆண்டு டிசம்பரில் முடிதலின், அவற்றைத் தணிக்கை செய்வோர்க்குத் தை மாசியும் அவ்வாறே. காய்ச்சல், கலியாண வீடு, கோயிற் கொடியேற்றம் ஆகியவையும் உண்டு. இவற்றை யாவரும் அறிவர். எனினும் திட்டம் வகுக்கும்போது எவரும் எண்ணுவதில்லை. கனடாவில் றோஜர் பூலர் முதலிய உளவியலாளர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் தம் பட்ட ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பர் என்று கேட்கப்பட்டனர். சராசரியாக 34 நாள் என்றனர். எல்லாந் தடைப்பட்டாலும் 49 நாள் போதும் என்றனர். உண்மையிற் சென்றவை 55 நாட்களுக்கு மேல். தீயூழையும் சேர்த்தெண்ணியபோதும் அவர் கணக்கு நடந்ததற்குக் குறைந்தே நின்றது.

மணித்தியாலம் என்பது எல்லாம் ஒரே எடையுடையதும் அன்று. (எம் முன்னோர் நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர்; நாழிகை ஒன்று 24 நிமிடம். இடையறாத கவனம் இரண்டு நாழிகைக்கு மேல் நிற்பதில்லை என்பது என் வகுப்பறை அனுபவம்.) அமெரிக்காவில் றோடிகர், காப்பிக்கி என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட பரிசோதனை இதனைத் தெளிவாக்கும். ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை படித்தனர். மற்றொரு சாரார் ஒரு தடவை படித்து, மூன்று தடவை ஏட்டை மூடி நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது படித்தவரே முந்தினர்: 83 வீதம், மற்றவர் 71. ஒரு கிழமையின் பின் சோதித்தபோது படித்தவர் 40க்கு இறங்கினர். எழுதியவர் 61இல் நின்றனர். இரு சாராருக்கும் வாய்த்த தடவை நான்கே. ஆதலின், பதிவுசெய்த விரிவுரையைக் கட்டிலிற் சாய்ந்து கேட்ட நேரத்தைக் குறிப்பேட்டில் வேறு நிரலில் எழுதுமாறு கூறினேன். விடையைப் பார்த்து "விளங்குது" என்று தலையசைத்த நேரமும் அந்நிரலுக்கே உரியது. நன்மதிப்பையும் சிறுபான்மையோர் நலனையும் வெறுந்தாளிற் கணித்துப் பார்த்தவனுக்கே அவை தெரியும்.

இனி நான் கூறப்போவது தமிழாசிரியனுக்கு உரித்தானது. எம் மாணாக்கர் உயர்தரம் வரை கணக்கியலைத் தமிழிற் கற்றவர். பெறுமானத்தேய்வு, பரீட்சை மீதி, ஐந்தொகை என்னும் சொற்களில் அவர் சிந்தை பழகியது. ஐந்தொகைக்கோ ஆங்கிலத்தில் இருந்த பெயரும் 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் சர்வதேச நியமத்தில் நிதிநிலைமைக் கூற்று என்று மாறிவிட்டது. இலண்டன் பரீட்சையில் இவை யாவும் ஆங்கில வேடத்தில் வருகின்றன. இம்மாணவன் எழுதிய பயிற்சி விடைகளை வாங்கிப் பார்த்தேன். எண்கள் வந்த இடமெல்லாம் செம்மை. "இதனால் வாடிக்கையாளர்க்கு நேரும் இடர் யாது, விளக்குக" என்று கேட்ட இடத்தில் இரண்டு வரி. கணக்கு அறியாமையால் அவன் தவறவில்லை. கண்ட விடையை வசனமாக்க நேரமும் பழக்கமும் இன்றித் தவறினான். உயர்நிலைத் தாள் ஒன்றுக்கு 3 மணித்தியாலம் 15 நிமிடம். 100 புள்ளிக்கு 195 நிமிடம். 20 புள்ளி வினா ஒன்றுக்கு 39 நிமிடமே உண்டு. அதனுள், பக்கக்கணக்கில் நீளும் ஒரு கம்பனியின் வரலாற்றை வாசித்து, எண்ணிப் பின் எழுதவும் வேண்டும். ஆங்கிலமொழி மூலம் கற்ற கொழும்பு மாணவனுக்கு 130 மணித்தியாலம் போதுமாயின், எம்மவனுக்கு அதற்கு மேல் வேண்டும். அம்மேலதிகம் எவருடைய அட்டவணையிலும் இல்லை. கிழமைதோறும் இரு வினாக்களுக்கு நேரம் வைத்து முழு வசனத்தில் விடை எழுதச் செய்தேன். மொழியை நான் திருத்தினேன், பொருளைக் கந்தோரில் மூத்த ஒருவர் திருத்தினார். இருவரும் சில இடங்களில் முரண்பட்டோம். அவர் சொன்னதே பெரும்பாலுஞ் சரியாயிருந்தது.

அடுத்த டிசம்பரில் அவன் ஒரு தாள் மாத்திரம் எழுதினான். குறிப்பேட்டின் மொத்தம் 148 மணித்தியாலம்; புள்ளி 56. மார்ச்சில் மற்றொரு தாள்: 151 மணித்தியாலம், புள்ளி 53. அதன்பின் ஆனியில் எழுதியதில் 47 பெற்றுத் தவறினான். அம்முறை ஏட்டில் இருந்தது 83 மணித்தியாலமே. கந்தோர் அவனை விடவில்லை. ஆயினும், மூளை காணாது என்று அவன் சொல்லவில்லை. ஆனித் தவணைக்கு இனிப் பணம் கட்டுவதில்லை என்று மாத்திரம் எழுதியிருந்தான்.

கொழும்பிலும் இலண்டனிலும் தொரன்ரோவிலும் கணக்காளராய் விளங்கும் எம் பழைய மாணவர் பலர். அவர்களிடம் ஒன்று வேண்டுகின்றேன். இளையோர் வந்து கேட்கும்போது, சித்தியெய்திய தாள்களின் மணித்தியாலத்தோடு தவறிய தாள்களின் மணித்தியாலத்தையும், அப்போது செய்த வேலையையும், முன்னர்க் கற்றிருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுதி அனுப்புவீராயின், பெயர் நீக்கி வர்த்தக வகுப்பின் சுவரில் ஒட்டிவைக்க ஒழுங்கு செய்வேன்.