தடித்த கம்பியும் ஏன் அறுகிறது?
லேப் ஸ்டீல் கிட்டாரில் விரல்கள் ஸ்வரம் பிடிப்பதில்லை. நேரான உலோகத் தண்டு கம்பிகளை ஒரே நேர்கோட்டில் தொடுகிறது. ஆகவே கார்டு, சுருதி சேர்ப்பிலேயே இருந்தாக வேண்டும். ஹவாய் இசையில் பழகிய சி6 சுருதியில் சி, ஈ, ஜி, ஏ நான்கும் உண்டு. சி மேஜரும் ஏ மைனரும் ஒரே இடத்தில்! எவ்வளவு அழகான சிக்கனம்.

மெல்லிய கம்பி, கனமான தண்டின் கீழ் தொய்ந்து சுருதி பிசகும். விட்டம் 0.012 அங்குலத்திலிருந்து 0.015 ஆனால், அதே ஸ்வரத்துக்கு இழுவிசை சுமார் 56% கூடும். தண்டு உறுதியாக உட்காரும்.

ஆனால் அறுந்துபோகாமலிருக்கத் தடித்த கம்பி போடுவது வீண். விட்டம் கூடினால் கம்பியின் வலிமையும் இழுவிசையும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன. அறுவதைத் தீர்மானிப்பவை கம்பியின் நீளமும் ஸ்வரமும்தான். மேல்கம்பியை ஈ-யிலிருந்து ஜி-க்கு ஏற்றினால் இழுவிசை சுமார் 41% உயரும். அந்தச் சுருதி வேண்டுமென்றால், கம்பி நீளம் குறைந்த கிட்டாராகப் பாருங்கள்.